கன்சோல் சிப்: துணி எடுத்துத் தைத்ததா, ரெடிமேடா?

#1 பழைய_கேசட்

தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் பிஎஸ் 5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டி) வாங்கி வைத்திருந்தான். ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டு, "உள்ளே என்னடா சிப்?" என்று கேட்டேன். "ஏஎம்டி கம்பெனி சிப்தான் மாமா. கம்ப்யூட்டரில் இருக்கிறதேதான். வெள்ளைச் சட்டை போட்ட பிசி, அவ்வளவுதான்" என்றான். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

நான் வளர்ந்த காலத்தில் கன்சோல் சிப்புகளின் பெயரே மிரட்டும். பிஎஸ் 2-இல் எமோஷன் என்ஜின், கிராஃபிக்ஸ் சிந்தசைசர். நின்டெண்டோ 64-இல் ரியாலிட்டி கோ-பிராசசர். பிஎஸ் 3-இல் செல். துணி எடுத்து, டெய்லரிடம் அளவு கொடுத்து, நாலு நாள் நடையாய் நடந்து வாங்கிய சட்டை மாதிரி. இப்போது சோனியும் மைக்ரோசாஃப்டும் ஒரே ஜவுளிக்கடையில் ரெடிமேட் எடுக்கிறார்களோ என்று தோன்றுகிறது.

எனக்கு இரண்டு சந்தேகம். அவன் சொன்னது உண்மையா? அப்புறம், செல் சிப்புக்காக சோனி கொட்டிய பணமெல்லாம் எங்கே போனது?

#2 இரவுப்பறவை

உங்கள் அக்கா மகன் சொன்னதுதான் சரி. பிஎஸ் 5-இல் கணக்குப் போடும் சிபியு ஏஎம்டியின் ஸென் 2, 8 கோர் (ஒவ்வொரு கோரும் தனியாக வேலை செய்யும் ஒரு குட்டி மூளை); படம் வரையும் ஜிபியு ஆர்டிஎன்ஏ 2, அதுவும் ஏஎம்டிதான். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸிலும் அதேதான், எண்கள் கொஞ்சம் கூடக் குறைய. கன்சோல் என்பது இப்போது ஒரு கடைப் பெயர், ஒரு கன்ட்ரோலர், ஒரு பூட்டு. பழைய சிப்புகள் மீது உங்களுக்கு இருப்பது பாசம். அது பொறியியல் ஆகாது.

#3 ஈயப்பற்று

தம்பி இரவுப்பறவை, ரெடிமேட் என்பது உங்கள் தலைமுறை கண்டுபிடித்தது இல்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

1983-இல் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் மூளை 6502. 1975-இல் 25 டாலருக்கு விற்று மற்ற சிப் கம்பெனிகளின் வயிற்றில் புளியைக் கரைத்த அதே சிப். ஆப்பிள் 2-லும் அதுதான், அடாரி 2600-இல் அதன் கால்கள் குறைந்த தம்பி. ரிக்கோ நிறுவனம் அந்த 6502-ஐ எடுத்து, பதின்ம எண் கணக்குப் போடும் வசதியை மட்டும் வேலை செய்யாதபடி ஆக்கி, காலியான இடத்தைச் சுற்றிலும் ஒலி உண்டாக்கும் பகுதியைச் சேர்த்து, 2ஏ03 என்று பெயர் வைத்தது. கடையில் எடுத்த சட்டையில் ஒரு பையைத் தைத்து மூடி, வேறு பை வைத்த கதை.

செகா மெகா டிரைவ் இன்னும் வெளிப்படை. மோட்டரோலா 68000, ஸைலாக் இஸட்80, யமஹாவின் ஒலி சிப். 68000-ஐ அன்றைக்கு மேக்கின்டாஷிலும் அமிகாவிலும் பார்க்கலாம். யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம்.

அப்படியானால் ஃபேமிகாமை ஃபேமிகாம் ஆக்கியது எது? பக்கத்தில் இருந்த படச் சிப், பிபியு. மரியோ ஓடும்போது பின்னணி வழுக்கிக்கொண்டு நகர்கிறதே, அந்த வேலையை 1.79 மெகாஹெர்ட்ஸ் 6502 தனியாகச் செய்திருந்தால் அன்றைக்கே மூச்சு நின்றிருக்கும். யோசிக்கிற சிப்பை விலைக்கு வாங்கினார்கள், வரைகிற சிப்பைத் தாங்களே அளவெடுத்துத் தைத்தார்கள். அந்தக் காலத்துக் கன்சோல் பலவற்றின் சூத்திரம் இதுதான்.

இன்னொன்று. நம் ஊரில் ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் வாங்கிய "டிவி கேம்" ஞாபகம் இருக்கிறதா, "9999 கேம்" என்று அட்டையில் போட்டு நாலு கேமைத் திருப்பித் திருப்பிக் காட்டுமே? அதைத் திறந்தால் போர்டின் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு மட்டும் இருக்கும். அந்தப் பொட்டுக்கு அடியில் சிபியு, பிபியு இரண்டும் ஒரே சிப்பில். நின்டெண்டோ தைத்த சட்டையை வேறு யாரோ பிரித்து, அளவெடுத்து, மொத்தமாகத் தைத்துத் தள்ளிவிட்டார்கள். தைத்தது நாளடைவில் ரெடிமேட் ஆகும், அதுவும் நடக்கும்.

#4 நிலாச்சோறு

அந்த 9999-இல் நாலு கேம்கூட முழுதாக வேலை செய்யாது அண்ணா. எனக்கு வாய்த்ததில் இரண்டு மரியோ, ஒரு தட்டுச் சுடும் கேம், மற்றதெல்லாம் அதே மரியோ வேறு சட்டையில்.

#5 தட்டச்சுப்பிழை

செல் பற்றிக் கேட்டிருக்கிறார். நான் கேம் நிறுவனங்களுக்கு போர்ட்டிங் வேலை (ஒரு பெட்டிக்குச் செய்த கேமை இன்னொரு பெட்டியில் ஓடும்படி மாற்றுவது) செய்பவன், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

சோனி, தோஷிபா, ஐபிஎம் மூன்றும் சேர்ந்து 2001-இல் டெக்ஸஸ் மாநிலம் ஆஸ்டினில் இதற்கென்று ஒரு கூடம் வைத்து வேலை தொடங்கினார்கள். வந்தது என்ன? 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு பவர்பிசி கோர், அதைச் சுற்றி எஸ்பிஇ என்ற எட்டுச் சின்னக் கோர்கள். தயாரிப்பில் ஒன்று பழுதானாலும் சிப்பைத் தூக்கிப் போட வேண்டாம் என்பதற்காக பிஎஸ் 3-இல் ஏழு மட்டும் இயங்கும். அதில் ஒன்று இயங்குதளத்துக்கு. கேமுக்கு ஆறு.

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாஸ்டர், ஆறு உதவியாளர்கள். ஒவ்வொரு உதவியாளரின் முன்னாலும் ஒரு சின்னப் பலகை. அந்தப் பலகைதான் 256 கிலோபைட் உள் நினைவகம். காய் நறுக்குவதில் அந்த ஆறு பேரும் புலிகள். ஆனால் ஸ்டோர் ரூமுக்குள் கை நீட்டி ஒரு வெங்காயம் எடுக்க அவர்களால் முடியாது. கூடையில் காய் வர வேண்டும், நறுக்கியதும் கூடையில் திரும்பிப் போக வேண்டும். எந்தக் கூடை எப்போது வர வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பது புரோகிராமரின் பொறுப்பு. ஒரு கூடை நறுக்கும்போதே அடுத்த கூடை வழியில் இருக்க வேண்டும். தாமதமானால் ஆறு புலிகளும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

வழக்கமான சிபியுவில் கேஷ் என்று ஒன்று இருக்கும். கேட்காமலேயே பக்கத்துக் காயையும் எடுத்து வைத்துவிடும் கெட்டிக்காரப் பையன். எஸ்பிஇயில் அவன் கிடையாது. அவனுக்கான இடத்தையும் மின்சாரத்தையும் மிச்சம் பிடித்துக் கணக்குப் போடும் பகுதிக்குக் கொடுத்தார்கள். அந்த முடிவு முட்டாள்தனமானது இல்லை. வேலை தெரிந்தவர் கையில் செல் பறக்கும்.

கதை சிக்கலானது ஜிபியு பக்கம். 2004 டிசம்பரில்தான் சோனி, ஜிபியு செய்யும் என்விடியாவுடன் கைகோத்ததை அறிவித்தது. பிஎஸ் 3-க்கு வந்த ஆர்எஸ்எக்ஸ், அன்றைய கணினிகளில் இருந்த ஜிஃபோர்ஸ் 7800-இன் உறவுக்காரன். ஆக, உலகத்தில் யாரிடமும் இல்லாத சிபியு ஒரு பக்கம், ஏறக்குறைய கடையில் கிடைக்கும் ஜிபியு மறு பக்கம். நினைவகமும் 256 மெகாபைட் இங்கே, 256 மெகாபைட் அங்கே என்று இரண்டு வீடு. 2010-இல் வந்த காட் ஆஃப் வார் 3-இல் படத்தின் விளிம்புகளை வழவழப்பாக்கும் வேலையை ஜிபியுவிடமிருந்து பிடுங்கி எஸ்பிஇக்களுக்குக் கொடுத்தார்கள். விளைவு அழகாக இருந்தது. ஆனால் ஜிபியுவின் வேலையைச் சிபியு செய்ய வேண்டி வந்ததையும் அதே காரியம் காட்டிக்கொடுத்தது.

#6 இரவுப்பறவை

> வேலை தெரிந்தவர் கையில் செல் பறக்கும்

அந்த "வேலை தெரிந்தவர்" எத்தனை பேர்? சோனியின் சொந்த ஸ்டுடியோக்கள்தானே? மற்றவர்கள் எல்லாரும் எக்ஸ்பாக்ஸ் 360-க்குச் செய்துவிட்டு, பிஎஸ் 3-க்கு அரைகுறையாக மாற்றிக் கொடுத்தார்கள்.

#7 தட்டச்சுப்பிழை

ஆமாம், மறுக்கவில்லை. 360-இல் மூன்று ஒரே மாதிரி கோர், 512 மெகாபைட்டும் ஒரே குளத்தில். வந்து உட்கார்ந்த அன்றே வேலை செய்யலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 360-இன் கோர்களும் செல்லின் நடுவில் இருக்கும் பவர்பிசி கோரும் ஐபிஎம்மின் ஒரே வடிவமைப்பு வேரிலிருந்து வந்தவை. சோனி காசு போட்டு வளர்த்த மரத்தின் கிளையை ஐபிஎம் அடுத்த வீட்டுக்காரருக்கும் விற்றது. 360 கடைக்கு வந்தது 2005 நவம்பரில், பிஎஸ் 3-க்கு ஒரு வருடம் முன்னால்.

#8 மதுரைக்காரன்

எல்லாரும் கோர், கிகாஹெர்ட்ஸ் என்று பேசுகிறீர்கள். நான் கணக்குப்பிள்ளை, காசைப் பற்றிப் பேசுகிறேன்.

இந்த விவாதத்துக்குச் சரியான உதாரணம் செல் இல்லை, 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ். அதுதான் உண்மையான ரெடிமேட். இன்டெல்லின் பென்டியம் 3 வகைச் சிப் 733 மெகாஹெர்ட்ஸில், என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 3 வழி வந்த ஜிபியு, 64 மெகாபைட் நினைவகம், ஒரு ஹார்ட் டிஸ்க். பிஎஸ் 2-ஐ விடப் பல விஷயங்களில் பலசாலி. விலை 299 டாலர்.

கன்சோல் வியாபாரத்தில் முதல் வருடம் நஷ்டம் வரும், அது எல்லாருக்கும் தெரிந்ததே. சிப் செய்யும் தொழில்நுட்பம் வருடா வருடம் சுருங்கும், அதே சிப்பைச் சின்னதாக, மலிவாகச் செய்யலாம், மூன்றாம் வருடத்திலிருந்து கையில் காசு நிற்கும் என்பது நம்பிக்கை. சோனி அதைத்தான் செய்தது. எமோஷன் என்ஜினையும் கிராஃபிக்ஸ் சிந்தசைசரையும் பின்னாளில் ஒரே சிப்பாகச் சேர்த்தது, பெட்டியையும் புத்தகம் போல மெலிய வைத்தது. 2000-இல் வந்த பிஎஸ் 2-இன் உற்பத்தி 2013 தொடக்கத்தில்தான் நின்றது. 16 கோடி விற்றது.

மைக்ரோசாஃப்டால் அது முடியவில்லை. ஏன்? சிப்பின் வரைபடம் அவர்கள் கையில் இல்லை. இன்டெல் சொல்வதுதான் சிபியு விலை, என்விடியா சொல்வதுதான் ஜிபியு விலை. 2002-இல் விலையைக் குறைக்கச் சொல்லி என்விடியாவுடன் மத்தியஸ்தம் வரைக்கும் போனார்கள், அடுத்த வருடம் சமாதானம் ஆனது. ஹார்ட் டிஸ்க் இன்னொரு தலைவலி. அதன் கொள்ளளவு கூடுமே தவிர, ஒரு மட்டத்துக்குக் கீழே விலை இறங்காது. மோட்டாரும் தட்டும் உள்ளே இருந்துதானே ஆக வேண்டும்.

அடி வாங்கிய பிறகு 360-க்கு என்ன செய்தார்கள் பாருங்கள். சிபியுவுக்கு ஐபிஎம்மிடமும் ஜிபியுவுக்கு ஏடிஐயிடமும் சிப் வாங்கவில்லை, வடிவமைப்பின் உரிமையை வாங்கினார்கள். எந்த ஆலையில் செய்வது, எப்போது சுருக்குவது என்பதெல்லாம் இவர்கள் முடிவு. 2010-இல் சிபியுவையும் ஜிபியுவையும் ஒரே சிப்பில் சேர்த்தார்கள். சேர்த்ததும் இரண்டுக்கும் நடுவே தகவல் வேகமாகப் போக ஆரம்பித்துவிடுமே, பழைய கேம்கள் குழம்புமே என்று, பழைய தாமதத்தை அப்படியே நடித்துக் காட்ட ஒரு தனிப் பகுதியை உள்ளே வைத்தார்கள். வேண்டுமென்றே மெதுவாக்க ஒரு சர்க்யூட்!

ஆகவே தைத்ததா ரெடிமேடா என்பது எனக்கு இரண்டாம் கேள்வி. பேட்டர்ன் அட்டை யார் பீரோவில் இருக்கிறது? அதைச் சொல்லுங்கள், லாபம் யாருக்கு என்று நான் சொல்கிறேன்.

#9 நிலாச்சோறு

மதுரைக்காரர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நின்டெண்டோ ஸ்விட்சை எங்கே வைப்பீர்கள்? 2017 மார்ச்சில் வந்தது. உள்ளே என்விடியா டெக்ரா எக்ஸ்1. 2015 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்ட சிப். என்விடியாவின் சொந்த டிவி பெட்டியிலும் கூகுளின் ஒரு டேப்லெட்டிலும் அதே சிப் இருந்தது. எட்டு கோரில் நான்கு சின்னக் கோர்களை ஸ்விட்ச் தொடுவதே இல்லை. வேகத்தையும் குறைத்து வைத்தார்கள். வரைபடமும் என்விடியாவுடையது. நீங்கள் சொன்ன எல்லாப் பாவமும் செய்தாயிற்று. விற்றது 15 கோடிக்கு மேல்.

நின்டெண்டோவுக்கு இது புதிதும் இல்லை. கேம் பாய் செய்த குன்பெய் யோகொய், வாடிப்போன தொழில்நுட்பத்தைப் புது இடத்தில் வைத்து யோசிப்பது என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தார். 1989-இல் போட்டியாளர்கள் வண்ணத் திரைக்குப் போனபோது, இவர் பச்சை பூசிய சாம்பல் திரையோடு நாலு பென்சில் பேட்டரியில் பல மணி நேரம் ஓட்டினார்.

ரெடிமேடுக்கு ஒரு தண்டனையும் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் கிடைக்கும் சிப் என்றால், பூட்டு உடைப்பவருக்கும் கிடைக்கும். டெக்ரா எக்ஸ்1-இன் யுஎஸ்பி மீட்பு முறையில் ஒரு ஓட்டை. கேட்கும் தகவலின் நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பிவிடும். 2018 ஏப்ரலில் அது ஊரறிய வெளியானது. வலது ஜாய்-கான் (கழற்றி மாட்டும் கன்ட்ரோலர்) பொருந்தும் தண்டவாளத்தில் ஒரு கம்பித் துண்டை வைத்துத் தொட்டால் கதவு திறந்துவிடும். அந்த நிரல் சிப்பிலேயே பதிந்தது, அப்டேட் அனுப்பித் திருத்த முடியாது. விற்றுப்போன பெட்டிகள் விற்றுப்போனவைதான். அடுத்து தயாரித்த சிப்புகளில்தான் அடைத்தார்கள்.

#10 ஈயப்பற்று

முதல் எக்ஸ்பாக்ஸுக்கும் அதே கதி. ஆண்ட்ரூ ஹுவாங், "பன்னி" என்று அழைப்பார்கள், 2002-இல் எம்ஐடியில் ஆராய்ச்சி மாணவர். ரகசியச் சாவி ஒரு சிப்புக்குள் ஒளிந்திருந்தது. பெட்டி எழும்போது அந்தச் சாவி போர்டில் இருக்கும் ஹைப்பர்டிரான்ஸ்போர்ட் கம்பிகள் வழியாக மற்றொரு சிப்புக்கு ஓடும். அந்தக் கம்பிகளில் தானே செய்த ஒரு சர்க்யூட்டைப் பற்றவைத்து ஒட்டுக்கேட்டுவிட்டார். சாவியைப் பீரோவில் பூட்டிவிட்டு, காலையில் திண்ணை வழியாக எடுத்துப் போனால் யாருக்குத்தான் தெரியாது?

பற்றவைத்த நேர்த்திக்காகவே அந்த வேலை எனக்குப் பிடிக்கும். அவ்வளவு மெல்லிய கம்பிகள்.

#11 இரவுப்பறவை

தைத்த சிப் மட்டும் பூட்டைக் காப்பாற்றியதா? பிஎஸ் 3-ஐ உடைத்ததற்கும் செல்லுக்கும் சம்பந்தமே இல்லை. 2010 டிசம்பரில் பெர்லின் மாநாட்டில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழு விளக்கியது: மென்பொருள் அசல்தான் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து ஒவ்வொன்றுக்கும் புதிதாக எடுக்க வேண்டிய எண்ணை சோனி ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணாக வைத்திருந்தது. பள்ளிக்கூட அல்ஜீப்ரா போதும், ரகசியச் சாவி வெளியே வந்துவிடும். பல வருட உழைப்பில் செய்த சிப், ஒரு மாறாத எண்ணில் போச்சு.

#12 கறுப்புப்பெட்டி_ரசிகன்

சோனிக்காரர்கள் எப்போதும் இப்படித்தான். 360 முன்னால் பிஎஸ் 3 நிற்க முடியுமா? சும்மா பேசிக்கொண்டு

#13 மட்டுறுத்துநர்

@கறுப்புப்பெட்டி_ரசிகன், இதற்கென்று தனி இழை இருக்கிறது, அது ஏழு வருடமாக எரிந்துகொண்டிருக்கிறது. அங்கே போங்கள். இங்கே சிப் மட்டும்.

#14 மதுரைக்காரன்

நிலாச்சோறுக்குப் பதில் சொல்லக் கடன்பட்டிருக்கிறேன். ஸ்விட்ச் முதல் நாளிலிருந்தே மலிவான, இரண்டு வருடப் பழைய சிப்போடு வந்தது. சுருக்கித்தான் லாபம் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. என்விடியாவுக்கும் டேப்லெட் சந்தையில் பெரிதாக இடம் கிடைக்காத நேரம், நல்ல விலை கொடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம். அப்புறம் ஒன்று: 2019-இல் அதே சிப்பைச் சுருக்கிப் புதுப்பித்தார்கள். பேட்டரி இரண்டரை மணி நேரம் தாங்கிய இடத்தில் நாலரை மணி நேரம் தாங்கியது. ரெடிமேடும் சுருங்கும், கடைக்காரர் மனசு வைத்தால். ஸ்விட்ச் 2-க்கு வந்ததும் என்விடியாவிடம் தங்களுக்கென்று தனிச் சிப்பே செய்து வாங்கிக்கொண்டார்கள். அளவு பெரிதாகிவிட்டால் யாரும் டெய்லரிடம்தான் போவார்கள்.

#15 ஈயப்பற்று

டெய்லர், டெய்லர் என்று எல்லாரும் பிடித்துக்கொண்டீர்கள். கெட்டுப்போன தையலையும் சொல்ல வேண்டும். செகா சாட்டர்ன், 1994. இரண்டு ஹிட்டாச்சி எஸ்எச்-2, இரண்டு படச் சிப், ஒலிக்கு ஒரு 68000, இன்னும் சில. போர்டைப் பார்த்தால் சந்தைக் கூட்டம். இரண்டு எஸ்எச்-2வும் நினைவகத்துக்கு ஒரே வழி, ஒன்று போகும்போது மற்றது ஒதுங்கி நிற்க வேண்டும். உலகம் முக்கோணங்களால் முப்பரிமாணம் வரையப் பழகிக்கொண்டிருந்தபோது, இது நாற்கோணங்களால் வரைந்தது. எதிரே பிளேஸ்டேஷன்: ஒரு எம்ஐபிஎஸ் சிபியு 33.8 மெகாஹெர்ட்ஸில், அதற்குள்ளேயே முப்பரிமாணக் கணக்குக்கு ஒரு துணை. சுத்தமாக, புரிகிற மாதிரி. அமெரிக்காவில் 399-க்கு 299 டாலர் வேறு.

அதே செகா பாடம் படித்து 1998-இல் டிரீம்காஸ்ட் செய்தது. ஒரு எஸ்எச்-4, ஒரு பவர்விஆர். அத்தனை அழகான போர்டு. 2001-இல் கடையைக் கட்டினார்கள். நல்ல போர்டு நல்ல வியாபாரம் ஆகிவிடாது, பாவம்.

#16 தட்டச்சுப்பிழை

முதல் கேள்விக்கு வருகிறேன். பிஎஸ் 5 வெறும் பிசியா?

கோர்கள் பிசி, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதன் எஸ்எஸ்டி (கேம்களைச் சேமித்து வைக்கும் சிப் வட்டு) 825 ஜிபி என்று ஏன் விநோதமான எண்ணில் இருக்கிறது என்று யோசித்ததுண்டா? 512, 1000 என்றுதானே கடையில் கிடைக்கும்? சோனி தானே செய்த கன்ட்ரோலரில் 12 வழித்தடங்கள். ஒவ்வொன்றிலும் 64 வைத்தால் 768. இரண்டின் அடுக்கில் எண்ணும் அந்த 768-ஐப் பத்தின் அடுக்கில் சொன்னால் 825. தைத்த சட்டை என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

விநாடிக்கு 5.5 ஜிபி படிக்கும். சுருக்கி வைத்த தகவலை விரிக்கத் தனி வன்பொருள் உண்டு. அந்த வேலையைச் சிபியுவிடம் கொடுத்திருந்தால் ஸென் 2 கோர் ஒன்பது தேவைப்பட்டிருக்கும் என்று பிஎஸ் 5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020-இல் விளக்கினார். பெட்டியில் இருப்பதே எட்டுத்தான்! அப்புறம், 16 ஜிபி நினைவகத்தைச் சிபியுவும் ஜிபியுவும் ஒரே குளத்தில் பகிர்ந்துகொள்கின்றன. மேசைக் கணினியில் அது இரண்டு குளம், நடுவில் ஒரு வாய்க்கால்.

கல்யாணச் சமையலுக்கே திரும்பினால், செல் காலத்தில் நறுக்குகிறவரைத் தாங்களே உருவாக்கினார்கள், கூடை தூக்கும் வேலையைப் புரோகிராமர் தலையில் கட்டினார்கள். இப்போது நறுக்குகிறவரை ஏஎம்டியிடம் கூலிக்கு எடுத்துவிட்டு, ஸ்டோர் ரூமிலிருந்து அடுப்படி வரைக்கும் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

#17 மதுரைக்காரன்

அந்தத் தண்டவாளத்தை எங்கே போடுவது என்பதில்தான் 2013-இல் மைக்ரோசாஃப்ட் சறுக்கியது. எக்ஸ்பாக்ஸ் ஒன், பிஎஸ் 4 இரண்டுக்கும் ஒரே கடை, ஏஎம்டி. ஒரே துணி, எட்டு ஜாகுவார் கோர், மலிவு லேப்டாப்புக்குச் செய்த ரகம். சோனி வேகமான, விலை கூடிய ஜிடிடிஆர்5 நினைவகத்தை 8 ஜிபி போட்டது. மைக்ரோசாஃப்ட் மெதுவான டிடிஆர்3 எடுத்து, அந்த மெதுவைச் சரிக்கட்ட 32 மெகாபைட் இஎஸ்ரேம் என்ற வேக நினைவகத்தைச் சிப்புக்குள்ளேயே தைத்தது. அது இடத்தை அடைத்துக்கொண்டது. ஜிபியுவில் பிஎஸ் 4-க்கு 18 கணிப்பகுதிகள், எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு 12. விலையோ கினெக்ட் கேமராவோடு சேர்த்து 499, எதிரே 399. ஆல்ட்ரேஷன் செய்யப் போய்த் தோள்பட்டை இறுக்கமாகிவிட்டது.

#18 இரவுப்பறவை

@தட்டச்சுப்பிழை, "வெறும் பிசி" என்று நான் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். முழுதாக விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த எஸ்எஸ்டி அதிசயம் எத்தனை நாள் நின்றது? 2021 செப்டம்பர் அப்டேட்டில் கடையில் வாங்கும் எம்.2 எஸ்எஸ்டியை பிஎஸ் 5-லேயே செருகலாம் என்று சோனியே சொல்லிவிட்டது. எஸ்எஸ்டிக்காகவே செய்ததாகச் சொன்ன ராட்செட் அண்ட் கிளாங்க் 2023-இல் கணினிக்கு வந்து ஓடியது.

இன்னொன்று யாரும் பேசவில்லை. பிஎஸ் 4 கேம் பிஎஸ் 5-இல் சும்மா போட்டால் ஓடுகிறது, இரண்டின் சிபியுவும் எக்ஸ்86 என்ற ஒரே கட்டளை மொழி பேசுவதால். பிஎஸ் 3 என்ன செய்தது? பிஎஸ் 2 கேம் ஓடுவதற்காக பிஎஸ் 2-இன் சிப்புகளையே உள்ளே வைத்தார்கள். 599 டாலர் பெட்டியில் அந்தச் செலவு தாங்காமல் முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று என்று பிடுங்கினார்கள். இன்றைக்கு பிஎஸ் 3 கேமை பிஎஸ் 5-இல் ஆட வேண்டுமா? சந்தா கட்டி, எங்கேயோ ஓடுகிற பெட்டியிலிருந்து இணையம் வழியாகப் படம் பார்க்கிற மாதிரி ஆட வேண்டும். உங்கள் டெய்லர் இறந்துவிட்டார், அந்தச் சட்டைக்குப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை.

#19 தட்டச்சுப்பிழை

எம்.2 செருகினாலும் விரிக்கும் வன்பொருள் சோனியுடையதுதான், அது வெளியே எங்கும் போகவில்லை. ஆனால் உங்கள் இரண்டாம் பத்திக்கு என்னிடம் பதில் இல்லை. நாட்டி டாக் நிறுவனத்தார் தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேமை பிஎஸ் 3-இலிருந்து பிஎஸ் 4-க்குக் கொண்டுபோக என்ன பாடுபட்டார்கள் என்பதை 2015-இல் ஒரு மாநாட்டில் விளக்கினார்கள். எஸ்பிஇயில் ஓடியவற்றை மட்டுமல்லாமல் முழு என்ஜினையும் துண்டு துண்டு வேலைகளாக வெட்டி, எல்லாக் கோர்களுக்கும் பங்கு போட வேண்டியிருந்தது. எஸ்பிஇ காலத்தில் துண்டு போடக் கற்றுக்கொண்ட கை அங்கே உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

#20 பழைய_கேசட்

கேட்டவன் வாயடைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது கேள்வி இன்னும் பாக்கி. செல் பணம் எங்கே போனது?

#21 ஈயப்பற்று

அதைச் சொல்லத்தான் காத்திருந்தேன்.

கொஞ்சம் அணு ஆயுதக் கணக்குக்குப் போனது. 2008-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஐபிஎம் வைத்த ரோட்ரன்னர், விநாடிக்கு ஆயிரம் லட்சம் கோடி கணக்கு என்ற எல்லையைத் தொட்ட முதல் சூப்பர் கம்ப்யூட்டர். அதில் செல்லின் மேம்பட்ட பதிப்பு 12,960. ஐந்தே வருடத்தில் அணைத்தும் விட்டார்கள். அமெரிக்க விமானப்படை 1,700-க்கும் மேற்பட்ட பிஎஸ் 3 பெட்டிகளையே வாங்கி அடுக்கி ஒரு கணினி செய்தது. நஷ்டத்துக்கு விற்ற பெட்டி, ஆனால் அதில் கேம் வாங்கப் போவதில்லை. சோனிக்கு எப்படி இருந்திருக்கும்! தோஷிபா 2009-இல் செல் வைத்த ஒரு டிவி விற்றது, ஜப்பானில் சுமார் 10 லட்சம் யென்.

மிச்சக் கதை நாகசாகியில். செல் சிப் செய்வதற்கென்று சோனி அங்கே ஆலையில் பெரிய பணம் போட்டிருந்தது. பிஎஸ் 3 தடுமாறியதும் அந்த உற்பத்திப் பகுதியைத் தோஷிபாவுக்கு விற்றார்கள். 2010 கடைசியில், அதே பகுதியைத் திரும்ப வாங்கப் போவதாக அறிவித்தார்கள். இந்த முறை செல்லுக்காக இல்லை, கேமராவில் படம் பிடிக்கும் சென்சார் செய்ய. இன்றைக்கும் அங்கே அதுதான் ஓடுகிறது. உலகத்திலேயே அதிகமாக அந்தச் சென்சார் விற்பது சோனி.

#22 பழைய_கேசட்

அக்கா மகனுக்கு இந்த இழையை அனுப்பினேன். முழுதும் படித்தானா தெரியவில்லை. "மாமா, என் போன் கேமராவிலும் சோனி சென்சார்தான் போட்டிருக்கிறது" என்று மட்டும் பதில் வந்தது.

#23 நிலாச்சோறு

இழைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி, மன்னிக்கவும். ஈயப்பற்று அண்ணா, அந்தக் கறுப்புப் பொட்டு போர்டு ஒன்று பரணில் கிடைத்திருக்கிறது. அடாப்டர் இல்லை. 9 வோல்ட் கொடுக்கலாமா?

#24 ஈயப்பற்று

முதலில் அதன் வாலில் எது கூட்டல், எது கழித்தல் என்று மீட்டர் வைத்துப் பாருங்கள் அம்மா. இந்த வகைப் பெட்டிகளில் அது ஆளுக்கு ஆள் மாறும். படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.